தீர்த்தன் பள்ளத்தாக்கு, அக்டோபர்: ஆற்றோரம் தங்குவதா, மேலே கிராமத்தில் தங்குவதா?

நீலக்குயில்:

வணக்கம். அக்டோபர் மூன்றாவது வாரத்தில் நானும் வீட்டுக்காரரும் சென்னையில் இருந்து ஹிமாச்சல் போகிறோம். பையனை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிற முதல் பயணம், அதனால் அதிக நாள் எடுக்க முடியாது. வார இறுதியோடு முன்னும் பின்னும் கொஞ்சம் லீவை ஒட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும். இவர் ஒரு எக்செல் போட்டு வைத்திருக்கிறார். அதில் மணாலி, சோலாங், கசோல், ஜிபி, ஜலோரி கணவாய், தீர்த்தன் என்று எல்லாம் இருக்கிறது, தூங்குவதற்குத்தான் இடம் இல்லை. எனக்கு வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம். ஏதாவது ஒரு மலைக் கிராமத்தில் போய் உட்கார வேண்டும், யாரும் "அம்மா" என்று கூப்பிடுவதற்குள் ஒரு டீயை முழுசாகச் சூடாகக் குடித்து முடிக்க வேண்டும்.

தீர்த்தன் பள்ளத்தாக்கு மட்டும் போதும் என்று நான் சொல்கிறேன், அவ்வளவு தூரம் போய் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் போரடிக்கும் என்று இவர் சொல்கிறார். போனவர்கள் யாராவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

அப்புறம் இன்னும் சில சந்தேகங்கள். தங்கும் இடம் தேடினால் எல்லாமே "ஆற்றை ஒட்டி" என்றுதான் விளம்பரம் வருகிறது, ஒன்றிரண்டு மட்டும் மேலே கிராமத்துக்குள், கொஞ்சம் ஏறிப் போக வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். எது நல்லது? இலையெல்லாம் சிவப்பாக மாறியிருக்குமா, இல்லை அதெல்லாம் வெளிநாட்டில்தானா? குல்லு வரை விமானத்தில் போகலாமா, டெல்லியில் இருந்து பஸ்ஸே பரவாயில்லையா? எனக்கு வளைவுப் பாதை என்றாலே வாந்தி வரும், ஏற்காடு ஏறுவதற்குள்ளேயே ஒருவழி ஆகிவிடுவேன்.

ஊர்சுற்றி_பாலா:

முதலில் அந்த எக்செல்லை மூடச் சொல்லுங்கள் சகோதரி. விமானத்தில் டெல்லி வந்து, சாயங்காலம் காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் மணாலி வால்வோ ஏறினால், விடிகிற நேரத்தை ஒட்டி அவுட் என்ற ஊரில் இறங்கலாம். ஊர் பெயரே அவுட்தான், கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லி வையுங்கள், தூங்கிவிட்டால் கிட்டத்தட்ட மூன்று கிலோமீட்டர் சுரங்கத்தைத் தாண்டி குல்லுவில் போய்த்தான் கண் விழிப்பீர்கள். சுரங்கத்துக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் வலது பக்கம் லார்ஜி, பஞ்சார் வழியாக ஜலோரி ஏறும் சாலை பிரியும். அதுதான் உங்கள் சாலை.

இப்போது கணக்குப் பாருங்கள். மணாலியும் கசோலும் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம். கசோலுக்குப் புந்தரில் திரும்பி பார்வதி பள்ளத்தாக்குக்குள் போக வேண்டும், மணாலிக்கு குல்லு தாண்டி இன்னும் வடக்கே. தீர்த்தனும் ஜிபியும் இந்தப் பக்கம், இரண்டுக்கும் பஞ்சார்தான் வாசல். பஞ்சாரில் இருந்து ஒரு சாலை குஷைனிக்கு, அதாவது தீர்த்தன் ஆற்றோடு போகும், இன்னொன்று ஜிபி, ஷோஜா வழியாக ஜலோரிக்கு ஏறும். ஆகவே தீர்த்தன், ஜிபி, ஜலோரி மூன்றையும் ஒரே இடத்தில் தங்கிக்கொண்டு பார்த்துவிடலாம், பெட்டியை மறுபடி கட்டவே வேண்டாம். மணாலியைச் சேர்த்தீர்கள் என்றால் பாதி நாள் காரின் ஜன்னல் வழியாகத்தான் ஹிமாச்சல் பார்ப்பீர்கள், அதுவும் உங்களுக்கு வாந்தி வேறு வரும் என்கிறீர்கள்.

விமானம்: குல்லு விமான நிலையம் இருப்பது புந்தரில், ஆற்றை ஒட்டி மலைகளுக்கு நடுவே குட்டி ஓடுபாதை, சின்ன விமானங்கள்தான் இறங்கும். மேகம் கொஞ்சம் இறங்கினால் ரத்து. நிறைய நாள் கையில் இருக்கிறவர்கள் சூதாடலாம், உங்களைப் போல எண்ணி வைத்த லீவில் போகிறவர்கள் நம்ப வேண்டாம். சண்டிகர் வரை விமானத்தில் வந்து அங்கிருந்து டாக்சி பிடிப்பது இன்னொரு வழி. கீரத்பூரில் இருந்து நேர்சௌக் வரை புதிய நான்கு வழிச் சாலையும் சுரங்கங்களும் வந்த பிறகு பழைய பிலாஸ்பூர் வளைவுகள் பெரும்பாலும் இல்லை. வயிற்றுக்கு அது நிம்மதி. ஆனால் மண்டி தாண்டி பண்டோ அணையில் இருந்து அவுட் வரைக்கும் பல இடங்களில் பாதை பியாஸ் ஆற்றை ஒட்டிக் குறுகலாக, ஒரு பக்கம் செங்குத்தான மலையாகத்தான் போகும், 2023 வெள்ளத்தில் அடி வாங்கிய இடம் அது. அக்டோபரில் பருவமழை போயிருக்கும், பொதுவாகப் பிரச்சினை இருக்காது. இருந்தாலும் வேலை நடக்கிறது என்று வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள், அதனால் திரும்பும் விமானத்தை இறுக்கமாகப் போட வேண்டாம்.

போரடிக்குமா என்றால், எனக்கு அடிக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு அடிக்கலாம். அதற்கும் மருந்து இருக்கிறது, ஒரு நாள் ஜலோரிக்கு அனுப்பி வையுங்கள்.

குளிர்காய்பவன்:

பாலா வழியைச் சொல்லிவிட்டார், நான் தங்கும் இடம் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

ஆற்றோரம் வேண்டாம். கோடையில் என்றால் ஆற்றோரம்தான், சந்தேகமே இல்லை. அக்டோபரில் கதை வேறு. தீர்த்தன் பள்ளத்தாக்கு குறுகலானது, இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு நிற்கும். அந்த மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும், மேலே கடிகாரப்படி அஸ்தமனம் ஆறு மணிக்குச் சற்று முன்னால்தான், ஆனால் கீழே ஆற்றங்கரையில் பல இடங்களில் மதியம் மூன்றரை, நாலு மணிக்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். போன அடுத்த நிமிடம் குளிர் இறங்கும். காலையிலும் அப்படித்தான், எதிர்ச்சரிவில் வெயில் மஞ்சளாக இறங்கி இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டு ஸ்வெட்டருக்குள் சுருண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கி அடியில் தேங்கும், அதனால் ஆற்றங்கரையில் இருப்பதைவிட நூறு இருநூறு மீட்டர் மேலே இருக்கிற வீடு சில இரவுகளில் கதகதப்பாகவே இருக்கும். மேலே போனால் குளிர் அதிகம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், தெளிவான வானம் இருக்கிற இரவுகளில் அது தலைகீழ். உள்ளூர்க்காரர்கள் பழைய வீடுகளை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள், எல்லாம் மேலே, வெயில் படுகிற சரிவில். ஆற்றங்கரையில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் நமக்காகப் பிற்பாடு கட்டியது.

சத்தமும் யோசிக்க வேண்டிய விஷயம். ஆற்றுச் சத்தம் ஒரு மணி நேரத்துக்கு இனிமை. ராத்திரி முழுக்க ஜன்னலுக்கு வெளியே பாறையில் மோதிக்கொண்டே இருந்தால் பக்கத்தில் படுத்திருப்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். நீங்கள் இருவரும் பேசத்தானே போகிறீர்கள்?

எனவே குஷைனிக்கு மேலே இருக்கும் பெக்ரி, சர்ச்சி போன்ற கிராமங்களின் பக்கம் தேடுங்கள். முன்பதிவு செய்வதற்கு முன் தங்கும் வீட்டின் உரிமையாளரைப் போனில் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: வாசலில் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது, சாலையில் இருந்து எவ்வளவு நேரம் நடை. நடை நேரத்தை அவர்கள் தங்கள் கால் கணக்கில் சொல்வார்கள், நீங்கள் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். ஆற்றின் மறுகரையில் இருக்கிற சில வீடுகளுக்குக் கம்பியில் ஓடும் கூடையில் உட்கார்ந்துதான் ஆற்றைக் கடக்க வேண்டும், கயிற்றை இழுத்து இழுத்துக் கொண்டு சேர்ப்பார்கள். எனக்குப் பிடித்திருந்தது. உயரம் என்றால் பயம் இருக்கிறவர்கள் அதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறு வேண்டும் என்றால் பகலில் இறங்கிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டு, வெயிலோடு சேர்ந்து மேலே ஏறி வந்துவிடுங்கள்.

சினார்_பித்தன்:

இலை சிவப்பாக இருக்குமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், யாரும் பதில் சொல்லாமல் தாண்டிப் போகிறீர்கள். இருக்காது. தீர்த்தன், ஜிபி எல்லாம் தேவதாருக் காடு, வருடம் முழுக்கப் பச்சைதான். நடுநடுவே வால்நட் மரமும் காட்டுச் செஸ்ட்நட்டும் மஞ்சளாகும், ஆற்றோரம் கொஞ்சம், தோட்டங்களில் கொஞ்சம், அவ்வளவுதான். மலை முழுக்கத் தீப்பிடித்ததுபோல் எரிய வேண்டும் என்று நினைத்தால் காஷ்மீருக்குப் போங்கள், சினார் மரம் அங்கேதான். அதுவும் மூன்றாவது வாரம் சற்று அவசரம், அக்டோபர் கடைசியில் இருந்து நவம்பர் நடுப்பகுதி வரைதான் சினார் உச்சத்தில் இருக்கும். ஸ்ரீநகரில் நசீம் பாக்கில் போய் நின்றால் போதும், ஊரை விட்டு வெளியே போகக்கூட வேண்டாம். டெல்லியில் இருந்து நேரே விமானம், வாந்தியும் மிச்சம்.

இரண்டு வாரம் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள். தீபாவளி எப்போது வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், டெல்லி டிக்கெட் எல்லாம் அதைப் பொறுத்துத்தான்.

நீலக்குயில்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சினார் அண்ணா, தேதி மாற்ற முடியாது, அம்மாவின் தேதியும் பையனின் பள்ளி லீவும் சேர்ந்து அமைந்த ஒரே வாரம் அது. இலை சிவக்காவிட்டால் பரவாயில்லை, மஞ்சளே போதும்.

வெயில் விஷயம் எங்கள் இருவருக்குமே தோன்றவே இல்லை. இவர் உட்கார்ந்து படித்துவிட்டு "சரி, மணாலியை வெட்டிவிடலாம்" என்றார், அதுவே பெரிய வெற்றி. ஆனால் ஜலோரியை விடமாட்டாராம். நான் சைவம், இவர் டிரவுட் மீன் சாப்பிட்டே ஆக வேண்டும் என்கிறார், முடிந்தால் அவரே பிடிக்க வேண்டுமாம், வாழ்க்கையில் தூண்டிலைத் தொட்டதில்லை. அந்த நேரத்தில் அங்கே தசராவும் பெரிதாக நடக்கும் என்று படித்தேன், கூட்டத்தில் மாட்டிக்கொள்வோமா?

மண்டிவாசி:

வேலைக்காக மண்டி பக்கம் இருக்கிறேன், பஞ்சார் எனக்கு வார இறுதி ஊர். கேள்விகளை வரிசை மாற்றிச் சொல்கிறேன்.

தசரா: மற்ற ஊரில் எல்லாம் விஜயதசமியோடு முடியும், குல்லுவில் அன்றைக்குத்தான் தொடங்கும், ஏழு நாள். தால்பூர் மைதானத்தில் ரகுநாதர் தேர் இழுப்பார்கள். மாவட்டம் முழுக்க இருந்து நூற்றுக்கணக்கான கிராம தேவதைகளைப் பல்லக்கில் சுமந்துகொண்டு மேளதாளத்தோடு வருவார்கள், பலர் மலைப் பாதைகளில் நடந்தே. நீங்கள் சுரங்கத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடுவதால் குல்லு நெரிசல் உங்களைத் தொடாது, டெல்லி பஸ்ஸில் சீட்டு மட்டும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி ஒத்துவந்தால் ஒரு நாள் அங்கே போய்ப் பார்க்கத் தகுந்ததுதான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அந்த ஏழு நாளும் பஞ்சார் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் சாமி ஊரில் இருக்காது, எல்லாம் குல்லுவில் முகாம்.

கோயில் என்றதும் சொல்ல வேண்டும். பஞ்சாருக்கும் ஜிபிக்கும் இடையில் பாகி என்ற கிராமத்தில் சிருங்க ரிஷி கோயில் இருக்கிறது. தசரதனுக்குப் புத்திரகாமேஷ்டி யாகம் செய்து கொடுத்தாரே, நம் கலைக்கோட்டு முனிவர், அவரேதான். இந்தப் பக்கத்துக்கு அவர்தான் பெரிய தேவதை. முழுக்க மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கிக் கட்டிய கோயில், சிமெண்ட் பூச்சு கிடையாது. காட்குனி என்பார்கள் அந்த முறையை, நிலநடுக்கத்தில் மரச் சட்டங்கள் கொஞ்சம் அசைந்து கொடுத்துத் தாங்கும். அங்கிருந்து மேலே ஏறினால் செஹ்னி கோட்டி என்ற கோபுரம், அதே முறையில் கட்டியது, பல மாடி உயரம். 1905 காங்க்ரா நிலநடுக்கத்தில் மேல் மாடிகள் போய்விட்டன, அப்படியும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஏறும் வழியில் வீட்டு முற்றங்கள் வழியாகத்தான் போக வேண்டும், அக்டோபரில் கூரையெல்லாம் மக்காச்சோளம் காயப் போட்டிருப்பார்கள், பெண்கள் பனிக்காலத்துக்கு மாட்டுக்குப் புல் அறுத்து முதுகில் ஆள் தெரியாத அளவுக்குச் சுமந்துகொண்டு இறங்குவார்கள். வழி விட்டு ஓரமாக நில்லுங்கள், போட்டோவைக் கேட்டுவிட்டு எடுங்கள். கோயில் வளாகங்களில் தோல் பெல்ட், தோல் பர்ஸ் கூடாது, சில இடங்களில் வெளியூர்க்காரர்கள் சுவரைத் தொடவும் கூடாது. பலகை இருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள்.

மீன்: ஆற்றில் இருக்கும் பிரவுன் டிரவுட் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டு வந்து விட்டது. பிடிக்க மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை இனப்பெருக்கக் காலம், பிடிக்கவே கூடாது, நீங்கள் வருவது அதற்குச் சற்று முன்னால். தூண்டில், சீட்டு, கூட ஒரு ஆள் எல்லாம் தங்கும் வீட்டில் சொன்னால் ஏற்பாடு செய்து கொடுப்பார்கள். அவர் தட்டில் வரப்போவது ஆற்று மீன் இல்லை, பண்ணையில் வளர்த்த ரெயின்போ டிரவுட், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். அவரே பிடிப்பது பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, நேரம் போவதற்கு நல்ல வழி.

சைவத்துக்குக் குறையே இல்லை. சித்து கேளுங்கள், கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே வால்நட்டோ உளுந்தோ கசகசாவோ அரைத்து வைத்து ஆவியில் வேக வைத்தது, மேலே நெய் ஊற்றித் தருவார்கள். காலையில் கேட்டால் சாயங்காலம் கிடைக்கும், மாவு புளிக்க வேண்டுமே. அந்த வருட ராஜ்மா அப்போதுதான் அறுவடை ஆகியிருக்கும், பழைய ராஜ்மாவுக்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும். புது வால்நட் வரும், ஜப்பானி ஃபல் (பெர்சிமன்) என்று ஒரு பழம், நம் ஊர்த் தக்காளி நிறத்தில், அப்போதுதான் பழுக்கத் தொடங்கும். நன்றாகக் குழைந்த பிறகு சாப்பிடுங்கள், காயாகக் கடித்தால் நாக்கு மரத்துவிடும். ஆப்பிள் பெரும்பாலும் முடிந்திருக்கும்.

ஜலோரி: 3,120 மீட்டர். ஜிபியில் இருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் கடைசிப் பகுதி செங்குத்து, ஒரு வண்டி அகலம், எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். உள்ளூர் ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே ஓட்ட வேண்டாம். மேலே ஒரு காளி கோயிலும் சில டீக்கடைகளும். ஒரு பக்கம் காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் செரோல்சர் ஏரி, பாதை பெரும்பாலும் சமம், ஓக் மரங்களுக்குள் போகும், குழந்தையே நடக்கும். ஏரிக் கரையில் பூடி நாகின் அம்மன், நேர்ந்துகொண்டவர்கள் கரையைச் சுற்றி நெய் ஊற்றுவார்கள், ஏரியில் இலை விழுந்தால் ஒரு குருவி வந்து எடுத்துப் போட்டுவிடும் என்று சொல்வார்கள். எதிர்ப்பக்கம் ரகுபூர் கோட்டை, அது கொஞ்சம் ஏற்றம், ஆனால் உச்சியில் புல்வெளியும் சுற்றிப் பனிமலையும். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். காலையில் சீக்கிரம் போனால்தான் மலைகள் தெளிவாகத் தெரியும்.

தேசியப் பூங்காவை யாரும் சொல்லவில்லை, ஆச்சரியம். கிரேட் ஹிமாலயன் நேஷனல் பார்க், 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, அதன் வாசல் குஷைனி தாண்டித்தான். உள்ளே ரோலா வரை போவதற்கு சாய் ரோபா அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும், ஒரு முழுப் பகல் நடை. அவ்வளவு வேண்டாம் என்றால் வாசல் வரையாவது ஆற்றோடு நடங்கள், அதற்கு அனுமதி தேவையில்லை, பள்ளத்தாக்கிலேயே எனக்குப் பிடித்த நடை அது. தீர்த்தன் இன்னும் தடுப்பில்லாமல் ஓடுவது தற்செயல் இல்லை. இங்கே நீர்மின் திட்டங்கள் வருவதாக இருந்தபோது பஞ்சாரின் முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப்பும் ஊர்க்காரர்களும் நீதிமன்றம் வரை போய்த் தடுத்தார்கள்.

அனு_ரவி:

எல்லாம் அழகாகச் சொல்லிவிட்டீர்கள், நான் பயமுறுத்தும் வேலையை எடுத்துக்கொள்கிறேன்.

தீர்த்தனில் மேலே அணை இல்லை, ஆனால் பாறை வழுக்கும், தண்ணீர் ஐஸ். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கீழே லார்ஜியில் இருந்து பியாஸ் ஓடும் பகுதி வேறு விஷயம். அங்கே அணை இருக்கிறது, தண்ணீர் திறந்தால் நிமிடங்களில் ஏறும். 2014 ஜூனில் ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் தலௌட் அருகே ஆற்றுக்குள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அடித்துச் செல்லப்பட்டார்கள். வழியில் டாக்சியை நிறுத்தி இறங்கலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால் விடாதீர்கள், எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும்.

அறைக்குள் கரி அடுப்பு. குளிருகிறது என்றால் சில இடங்களில் கனல் போட்ட அங்கீட்டி கொண்டு வந்து வைப்பார்கள். புகைபோக்கி உள்ள தகர அடுப்பு என்றால் சரி, தந்தூர் என்று சொல்வார்கள், அது புகையை வெளியே தள்ளிவிடும். திறந்த கனலை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இன்னும் இரண்டு ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை) கேளுங்கள், தருவார்கள். ராத்திரி ஐந்து டிகிரி பக்கம் இறங்கலாம், ஜலோரியில் அதற்கும் கீழே, மாதக் கடைசியில் லேசாகப் பனி விழுந்தாலும் ஆச்சரியமில்லை.

வாந்திக்கு: மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கி வையுங்கள், வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். பஸ்ஸில் முன்பக்கச் சீட்டு, சக்கரத்துக்கு மேலே வேண்டவே வேண்டாம். டாக்சியில் ஓட்டுநர் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், இவர் பின்னால் போகட்டும். போனைப் பார்க்காதீர்கள். இஞ்சி மரப்பா இரண்டு பாக்கெட், அங்கே கிடைக்காது.

ரொக்கம் கொஞ்சம் கூடுதலாக. ஏடிஎம் பஞ்சாரில் இருக்கிறது, பணம் இருக்குமா என்பது அன்றைய அதிர்ஷ்டம். போன் சிக்னல் ஒரு வளைவில் வரும், அடுத்த வளைவில் போகும், குஷைனிக்கு மேலே எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்று தங்கும் வீட்டில் கேட்டுவிட்டு அம்மாவிடம் அந்த வீட்டு நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள். குழந்தையை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு இது முக்கியம், இல்லாவிட்டால் சிக்னல் தேடி மலை ஏறுவதுதான் உங்கள் டிரெக்கிங் ஆகிவிடும். அப்புறம், அக்டோபர் மூன்றாவது வாரம் என்றால் சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரம். ஹிமாச்சலில் வெயில் அடிக்கும், விமானம் நம் ஊர் மழையில் தாமதமாகும். டெல்லி பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள்.

நீலக்குயிலின்_வீட்டுக்காரர்:

எக்செல் ஆள் நான்தான். புது ஐடி போட்டு வந்திருக்கிறேன், நான் இல்லாத இடத்தில் என்னைப் பற்றி இவ்வளவு பேசியிருக்கிறீர்கள். மணாலியை நீக்கியாகிவிட்டது, கசோலும் போனது. இப்போது பெக்ரி பக்கம் ஒரு வீட்டில் பேசினோம், வெயில் ஒன்பது மணிக்கு வாசலுக்கு வரும், நாலரை வரை இருக்கும் என்கிறார்கள், சாலையில் இருந்து பதினைந்து நிமிடம் நடை. இரண்டால் பெருக்கிவிட்டோம்.

இரண்டே கேள்வி. ஒரே நாளில் செஹ்னி கோட்டியும் ஜலோரியும் முடியுமா? டிராலி சூட்கேஸ் கொண்டு போகலாமா, இவள் அதைத்தான் எடுக்கப் போகிறாள்.

மண்டிவாசி:

வாங்க சார். முடியும், ஆனால் ஏரிக்கு நடப்பதாக இருந்தால் வேண்டாம். பெக்ரியில் இருந்து பஞ்சார் இறங்கி ஜிபி ஏறி ஜலோரி போய்வரவே நேரம் போகும், ஏரி நடை போக வர பாதி நாள். செஹ்னியை வந்து இறங்கும் நாளில் மதியத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், பஸ்ஸில் தூங்காத உடம்பு ஏறாது. கிளம்புகிற நாளில் வையுங்கள், எப்படியும் சாயங்காலம்தான் அவுட்டில் பஸ் பிடிக்கப் போகிறீர்கள், பஞ்சாரில் இருந்து பாகி பக்கம்தான், காலையில் ஏறி இறங்கி மதியம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். பையை டாக்சியிலேயே விட்டுவிடுங்கள்.

குளிர்காய்பவன்:

டிராலி வேண்டாம். பதினைந்து நிமிடமோ முப்பது நிமிடமோ, அது கல்படி, சக்கரம் உருளாது, கடைசியில் நீங்கள்தான் தலையில் வைத்துச் சுமப்பீர்கள். முதுகுப்பை ஆளுக்கு ஒன்று. ரொம்பக் கனமாக இருந்தால் சாலைக்கே ஆள் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், கூலியை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், போன் வெளிச்சம் போதாது, கரண்ட் போனால் அந்தப் படியில் கால் வைக்கிற இடம் தெரியாது.